ஐஇபி: சிறப்புக் கல்வித் தாள்கள் பற்றி அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை, ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், காது சரியாகக் கேட்கவில்லை. இப்படி ஏதோ ஒன்று தெரியவந்ததும் அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோர் டாக்டர், தெரபி, இன்சூரன்ஸ் என்று அலையத் தொடங்குகிறார்கள். அரசுப் பள்ளியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டிய உதவி இருக்கிறது என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகும் தாள்களைப் பார்த்து மலைத்துப்போகிறார்கள்.

நாம் ஆசிரியரை எதிர்த்துப் பேசிப் பழகியவர்கள் அல்ல. அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் இங்கே அதே மரியாதையோடு கேள்வி கேட்கவும் வேண்டும், பதிலை எழுத்தில் வாங்கவும் வேண்டும். கீழே சொல்வது ஃபெடரல் சட்டத்தின்படி எல்லா மாநிலத்துக்கும் பொதுவானது. சில கால அளவுகளும் நடைமுறைகளும் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஐஇபி என்றால் என்ன? எந்தச் சட்டத்தில் வருகிறது?

இன்டிவிஜுவலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம் (IEP) என்பதன் சுருக்கம். உங்கள் பிள்ளைக்கென்று தனியாக எழுதப்படும் கல்வித் திட்டம் அது. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான், ஓராண்டில் எங்கே போக வேண்டும், அதற்குப் பள்ளி என்ன செய்யும் என்ற மூன்றும் அதில் இருக்கும். எழுதியதைத் தர வேண்டிய சட்டக் கடமை பள்ளிக்கு உண்டு.

1975ல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் இருந்து இது தொடங்குகிறது. அதற்கு முன்பு மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்று பள்ளிகள் திருப்பி அனுப்ப முடிந்தது. 1990ல் அந்தச் சட்டத்துக்கு ஐடியா (IDEA, மாற்றுத்திறன் கொண்டவர்களின் கல்விச் சட்டம்) என்ற பெயர் வந்தது. 2004ல் கடைசியாகப் பெரிய அளவில் திருத்தினார்கள். 3 வயதிலிருந்து பொதுவாக 21 வயது வரை இது பொருந்தும். மிச்சிகன் மாநிலத்தில் 26 வயது வரை நீள்கிறது.

டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஐஇபி தானாக வந்துவிடுமா?

வராது. பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான். டாக்டர் சொல்வது மருத்துவக் கண்டறிதல். பள்ளி இரண்டு கேள்விகளைத் தனியாகக் கேட்கும்: சட்டத்தில் உள்ள 13 வகைகளில் ஏதாவது ஒன்றில் பிள்ளை வருகிறானா? அதனால் அவனுக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் ஐஇபி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டாக்டர் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட்டுக்காக மாதக்கணக்கில் வரிசையில் நிற்பவர்கள் அதே சமயத்தில் பள்ளியிடமும் மதிப்பீடு கேட்கலாம். பள்ளி மதிப்பீட்டுக்குப் பணம் கிடையாது.

"மார்க் நன்றாகத்தானே வாங்குகிறான், அதனால் தகுதி இல்லை" என்று சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வகுப்பு மாறி வகுப்பு தேர்ச்சி பெறுகிறான் என்பதாலேயே ஒரு பிள்ளையைத் தகுதியில்லை என்று ஒதுக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. மற்றவர்களோடு பழகுவது, உணர்ச்சியைக் கையாள்வது, தன் வேலையைத் தானே செய்வது எல்லாமே பள்ளி வாழ்க்கையின் பகுதிதான்.

எப்படித் தொடங்குவது? டீச்சரிடம் சொன்னோம், "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்கிறார்.

எழுத்தில் கேளுங்கள். வாசலில் நின்று டீச்சரிடம் பேசியது எங்கும் பதிவாகாது. பள்ளி முதல்வருக்கும், உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட்டின் சிறப்புக் கல்வித் துறைக்கும் ஒரு மின்னஞ்சல் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. "சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீட்டை எழுத்து மூலம் கோருகிறேன்" என்ற ஒரு வரி. உங்களுக்குக் கவலை தரும் விஷயங்கள் நான்கைந்து. வக்கீல் மொழி எதுவும் வேண்டாம். "இரண்டாம் வகுப்பு முடியப் போகிறது, இன்னும் மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான், பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வயிற்று வலி வருகிறது" என்பது போல எளிமையாக, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

பள்ளிக்கு அப்புறம் இரண்டே வழி. மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டு சம்மதப் படிவம் அனுப்ப வேண்டும், அல்லது ஏன் செய்ய மாட்டோம் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மதிப்பீட்டை முடிக்க ஃபெடரல் விதி தரும் 60 நாள் கணக்கு, சம்மதப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளில்தான் தொடங்கும். கடிதம் போட்ட நாளில் அல்ல. மாநிலம் தனிக் கணக்கு வைத்திருந்தால் அது செல்லும். டெக்சஸில் மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுவாக 45 பள்ளி நாட்கள். கலிஃபோர்னியாவில் உங்கள் கோரிக்கை வந்த 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தை அனுப்ப வேண்டும். அதனால் படிவம் வந்ததும் வைத்திருக்காமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள், அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். தகுதி உண்டு என்று முடிவானால் 30 நாளுக்குள் ஐஇபி கூட்டம் நடக்க வேண்டும்.

"முதலில் வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி தருகிறோம், அது பலிக்காவிட்டால் மதிப்பீடு" என்கிறார்கள். சரிதானா?

கூடுதல் பயிற்சி நல்லது, கொடுக்கட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஃபெடரல் கல்வித் துறை 2011லேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆங்கிலத்தில் சோதித்தால் தப்பான முடிவு வராதா?

வரலாம். அதனால்தான் சட்டம் இதைத் தனியாகச் சொல்கிறது. பிள்ளைக்கு எந்த மொழியில் சோதித்தால் அவனால் என்ன முடியும் என்பது சரியாகத் தெரியுமோ அந்த மொழியில், முடிந்தவரை, மதிப்பிட வேண்டும். ஆங்கிலம் போதாமையே முக்கியக் காரணமாக இருந்தால் அவனைச் சிறப்புக் கல்வியில் சேர்க்கவும் கூடாது.

நடைமுறையில் தமிழில் பேச்சு மதிப்பீடு செய்யத் தெரிந்த நிபுணர் கிடைப்பது அரிது. மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துச் செய்யலாம், வீட்டில் பேசுவதைப் பதிவு செய்து கொடுக்கலாம், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டு எழுதலாம். எதைச் செய்தார்கள் என்பது அறிக்கையில் வர வேண்டும். "தமிழில் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவானா, கதை சொல்வானா, தாத்தா பாட்டியிடம் போனில் என்ன பேசுவான்" என்று யாருமே உங்களிடம் கேட்கவில்லையென்றால், நீங்களே எழுதிக் கொடுங்கள். இரு மொழியிலும் சிரமம் இருக்கிறதா, ஆங்கிலத்தில் மட்டும்தானா என்பதுதான் இங்கே முடிச்சை அவிழ்க்கும் தகவல். அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

"வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உடனே தமிழை நிறுத்திவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள, பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு மேலும் தாமதமாகிறது என்று தெரியவரவில்லை. தாத்தா பாட்டியோடும் வீட்டோடும் அவனை இணைக்கும் மொழியைப் பறித்துவிட்டு எதைக் கொடுக்கப் போகிறோம்?

எனக்கே ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். கூட்டத்தில் என்ன செய்வது?

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பள்ளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், தமிழுக்கு ஆள் பிடிக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும். பெரிய பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தம்பியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதை அந்தக் குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டியிருப்பது பெரிய சுமை.

அலுவலக ஆங்கிலம் நன்றாக வரும் பெற்றோருக்கும் இது பொருந்தும். இந்தத் துறையின் சொற்கள் வேறு, சொந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு வேறு. குடும்பத்தில் ஒருவருக்குப் புரிந்தால் போதும் என்று விட வேண்டாம். அம்மா அப்பா இருவருக்கும் புரிய வேண்டும்.

பிள்ளைக்கு மூன்று வயது கூட ஆகவில்லை.

அதற்கு ஏர்லி இன்டர்வென்ஷன் என்று தனித் திட்டம் உண்டு. பிறந்ததிலிருந்து 3 வயது வரை, பெரும்பாலும் வீட்டுக்கே வந்து தருவார்கள். மருத்துவரின் பரிந்துரைக்குக் காத்திருக்காமல் நீங்களே அழைத்துப் பதியலாம். மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே பள்ளிக்கு மாறும் வேலை தொடங்கிவிட வேண்டும். தகுதி இருந்தால் பிறந்தநாளன்று ஐஇபி தயாராக இருக்க வேண்டும். கோடையில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் இடைவெளி விழுகிறது. பள்ளி விடுமுறைக்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

504 பிளான் போதும் என்கிறார்கள். வித்தியாசம் என்ன?

504 என்பது 1973ல் வந்த ரீஹாபிலிடேஷன் சட்டத்தின் ஒரு பிரிவு. பாகுபாடு கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. அதன் கீழ் பெரும்பாலும் சலுகைகள் கிடைக்கும்: தேர்வுக்குக் கூடுதல் நேரம், முன் வரிசை, இடையில் ஓய்வு. ஐஇபியில் இவையும் உண்டு. கூடவே பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றிக் கற்பிப்பது, அளக்கக்கூடிய இலக்கு, முன்னேற்ற அறிக்கை, கூடுதல் சட்டப் பாதுகாப்பு எல்லாம் வரும்.

பிள்ளைக்கு வகுப்புப் பாடம் புரிகிறது, சூழலை மட்டும் கொஞ்சம் மாற்றினால் போதும் என்றால் 504 நன்றாகவே உதவும். கற்பிக்கும் முறையே மாற வேண்டுமென்றால் ஐஇபி வேண்டும். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் கொடுத்தால், படிக்க முடியாத பக்கத்தை இன்னும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறோம். இதெல்லாம் நமக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். குடியேற்ற நிலை தகுதிக்கான நிபந்தனையே இல்லை. முறையான ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அந்த டிஸ்ட்ரிக்ட்டில் வசிக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம் போதும்.

ஐஇபி கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள்? எப்படித் தயாராவது?

நீங்கள், பொது வகுப்பு டீச்சர் ஒருவர், சிறப்புக் கல்வி டீச்சர், டிஸ்ட்ரிக்ட் சார்பில் முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர், சோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்தவர். பொருத்தமானால் பிள்ளையும். நீங்கள் விரும்பும் யாரையும் உடன் அழைத்துப் போகலாம்: வெளியில் பார்க்கும் தெரபிஸ்ட், இந்த வழியில் ஏற்கெனவே போன ஒரு நண்பர். தனியாகப் போகாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. மேசையின் அந்தப் பக்கம் ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கையில் ஒருவரால் கேட்கவும் எழுதவும் மனதைக் கட்டுப்படுத்தவும் ஒரே நேரத்தில் முடியாது.

மதிப்பீட்டு அறிக்கையையும் ஐஇபி வரைவையும் கூட்டத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைக் கூட்டத்துக்கு முன் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அறிக்கையை முதன்முதலாகக் கூட்டத்தில் பார்த்து, அழுகையை அடக்கிக்கொண்டு தலையாட்டும் பெற்றோர் நிறைய. அது நடக்கவே வேண்டியதில்லை.

அப்புறம், பெற்றோர் குறிப்பு என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிள்ளையின் பலம் என்ன, வீட்டில் எதில் சிரமம், எது அவனை அமைதிப்படுத்தும், இந்த ஆண்டு உங்களுக்கு மிக முக்கியமான இரண்டு மூன்று விஷயங்கள் எவை. ஐஇபி எழுதும்போது பெற்றோரின் கவலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எழுதியதை அப்படியே ஐஇபியில் சேர்க்கச் சொல்லுங்கள். சோதனை எண்களுக்கு நடுவே உங்கள் பிள்ளை மனிதனாகத் தெரிவது அந்த ஒரு பக்கத்தில்தான். அடுத்த ஆண்டு புது டீச்சர் வரும்போது அவர் படிக்கப் போவதும் அதைத்தான்.

ஐஇபி முப்பது பக்கம் இருக்கிறது. எதைக் கவனமாகப் படிக்க வேண்டும்?

மூன்று பகுதிகள். மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம்.

முதலில், தற்போதைய நிலை. மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. "வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான்" என்று இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. "இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியில் நிமிடத்துக்கு 40 சொற்கள் சரியாக வாசிக்கிறான், கூட்டெழுத்து வரும் இடங்களில் ஊகிக்கிறான்" என்றால் அது நிலை. இந்தப் பகுதியில் சொல்லாத தேவைக்குப் பின்னால் இலக்கும் வராது, சேவையும் வராது. கழிப்பறை, சாப்பாட்டு மேசை, நண்பர்கள், பதற்றம் என்று உங்களைக் கவலைப்படுத்துவது எதுவானாலும் இங்கே ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, இலக்குகள். "வாசிப்புத் திறன் மேம்படும்" என்பதை யாராலும் அளக்க முடியாது. "அடுத்த ஐஇபி தேதிக்குள், முன்பின் பார்க்காத இரண்டாம் வகுப்புப் பத்தியை நிமிடத்துக்கு 75 சொற்கள் சரியாக வாசிப்பான், தொடர்ந்து மூன்று வாரச் சோதனைகளில் இது தெரிய வேண்டும்" என்றால் அடுத்த ஆண்டு நீங்களும் அவர்களும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசலாம். ஒவ்வொரு இலக்குக்கும் யார் அளப்பார், எதை வைத்து அளப்பார், எனக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். போன ஆண்டு இலக்கு இந்த ஆண்டும் மாறாமல் வந்திருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். எட்டவில்லையென்றால் கற்பித்த முறையில் எதை மாற்றப் போகிறோம் என்று கேட்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள்.

இலக்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு 2017ல் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் தந்தது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர், ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகள்தான் வருகின்றன என்று வழக்குப் போட்டிருந்தார்கள். பெயரளவுக்குக் கொஞ்சம் முன்னேறினால் போதும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒதுக்கியது. அந்தப் பிள்ளையின் நிலைமைக்கேற்ற முன்னேற்றம் வரும்படி ஐஇபி அமைய வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சவாலான குறிக்கோள் இருக்க வேண்டும் என்றது. என்ட்ரூ எஃப். வழக்கு என்பார்கள். பெயரை நினைவில் வையுங்கள். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

மூன்றாவது, சேவைகள். எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, வகுப்புக்குள்ளா வெளியிலா, எந்தத் தேதியிலிருந்து. "தேவைக்கேற்ப" என்று எழுதியிருந்தால் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். "மாதம் 120 நிமிடம்" என்பதற்கும் "வாரம் ஒரு முறை 30 நிமிடம்" என்பதற்கும் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதில் மூன்று வாரம் ஒன்றுமே நடக்காமல் போனாலும் கடைசி வாரத்தில் தந்துவிடுவோம் என்று சொல்லிவிட முடியும்.

சலுகை வேறு, பாடத்தைக் குறைப்பது வேறு என்கிறார்களே?

ஆமாம், வேறு. கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவது, டைப் செய்ய விடுவது, நேரம் கூட்டுவது எல்லாம் சலுகை. பிள்ளை படிப்பது மற்றவர்கள் படிக்கும் அதே பாடம்தான். பாடத்தையே எளிதாக்கினாலோ குறைத்தாலோ அது மாற்றம். சிறு வயதில் இது நல்ல உதவியாகவே தெரியும். ஆனால் பாடம் தொடர்ந்து குறைந்துகொண்டே போனாலோ, வழக்கமான மாநிலத் தேர்வுக்குப் பதிலான எளிய மாற்றுத் தேர்வுக்கு நகர்த்தினாலோ, பல மாநிலங்களில் பின்னால் வழக்கமான டிப்ளமா (பள்ளி இறுதிச் சான்றிதழ்) கிடைப்பதை அது பாதிக்கும். தொடக்கப் பள்ளியிலேயே "இது டிப்ளமாவைப் பாதிக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தனி வகுப்பில் போடுகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ஒரே பதில் சொல்ல முடியாத கேள்வி இது. சட்டத்தின் திசை தெளிவு: உதவிகளைக் கொடுத்தும் பொது வகுப்பில் நிறைவாகக் கற்க முடியவில்லை என்றால் மட்டுமே வெளியே எடுக்க வேண்டும். அதனால் கேட்க வேண்டியது இதுதான்: "பொது வகுப்பில் வைத்து என்னென்ன உதவி கொடுத்துப் பார்த்தீர்கள்? எத்தனை நாள்? என்ன நடந்தது?" இதற்குப் பதில் இல்லையென்றால் முடிவுக்கு நேரம் வரவில்லை. அதே சமயம், சத்தமான பெரிய வகுப்பில் தினமும் தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சிறிய வகுப்பு நிம்மதியும் தரலாம், படிப்பும் தரலாம். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை இதில் கணக்கில் எடுக்காதீர்கள். முடிவெடுக்கும் முன் அந்த வகுப்பை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள்.

கூட்டத்திலேயே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

அன்றே போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். வந்திருந்தேன் என்பதற்கான கையெழுத்தும் சம்மதிக்கிறேன் என்பதற்கான கையெழுத்தும் வேறு வேறு. எந்தக் கோட்டுக்கு மேல் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

முதல் ஐஇபிக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சேவையைத் தொடங்கவே முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நிலைமை மாநிலத்தைப் பொறுத்தது. சில மாநிலங்களில் நீங்கள் பேசாமல் இருந்தாலே குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு புதுத் திட்டம் நடைமுறைக்கு வந்துவிடும். அதனால் உடன்பாடு இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுவது போதாது. எதில் உடன்படுகிறேன், எதில் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். பேச்சுப் பயிற்சிக்குச் சம்மதம், பேருந்து பற்றி உடன்பாடில்லை என்று பிரித்து எழுதினால், தொடங்க வேண்டியது தொடங்கும்.

நாம் கேட்டதை மறுத்துவிட்டார்கள். "பாலிசி இல்லை" என்று வாயால் சொன்னார்கள்.

"பிரையர் ரிட்டன் நோட்டீஸ் வேண்டும்" என்று கேளுங்கள். பள்ளி எதையாவது மாற்றப் போகிறது என்றாலும், நீங்கள் கேட்டதை மறுக்கிறது என்றாலும் இந்த நோட்டீஸைத் தர வேண்டும். எதை மறுக்கிறோம், ஏன், எந்த அறிக்கையை வைத்து முடிவெடுத்தோம், வேறு என்னென்ன யோசித்தோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியிலும் தர வேண்டும், முடியவே முடியாது என்றாலொழிய.

பெற்றோரின் கையில் இருக்கும் மிக வலுவான தாள் இதுதான் என்று நான் நினைக்கிறேன். காரணம் எளிது: வாயால் "இல்லை" என்று சொல்வதற்கும், அந்த "இல்லை"க்கு ஆதாரத்தோடு ஒரு பக்கம் எழுதுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. எழுத உட்காரும்போது முடிவே மாறிய இடங்கள் உண்டு.

மதிப்பீட்டு அறிக்கையே தவறு என்று தோன்றுகிறது.

வெளி நிபுணரை வைத்துத் தனி மதிப்பீடு, டிஸ்ட்ரிக்ட் செலவில் வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். அவர்கள் பணம் கொடுக்க வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரியானதே என்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும். கேட்டதைக் கண்டுகொள்ளாமல் காலம் கடத்த முடியாது. அவர்கள் செய்த ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு முறை இந்த உரிமை உண்டு.

எழுதியிருக்கிறது, ஆனால் நடக்கவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட்டே இல்லையாம்.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். பல பள்ளிகள் நிஜமாகவே தவிக்கின்றன. இருந்தாலும் அது ஐஇபியை ரத்து செய்யாது. எந்தெந்தத் தேதியில் தெரபி நடந்தது என்ற பதிவைக் கேளுங்கள். விட்டுப்போன நேரத்தை எப்படி ஈடு செய்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் கடிதம் கேஸ் மேனேஜருக்கு, அதாவது பிள்ளையின் ஐஇபியைப் பள்ளியில் கவனித்துக்கொள்பவருக்கு, கோபமில்லாமல். பெரும்பாலான டீச்சர்கள் உங்கள் பக்கம்தான் இருக்கிறார்கள். உங்கள் கடிதம் மேலிடத்தில் அவர்கள் ஆள் கேட்பதற்கும் உதவும்.

சரியாகவில்லையென்றால் மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் கொடுக்கலாம். இலவசம், வக்கீல் தேவையில்லை. நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும், பொதுவாக 60 நாளுக்குள் முடிவு சொல்வார்கள். சமரசப் பேச்சு வார்த்தைக்கும் செலவில்லை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் நடக்கும். கடைசி வழி டியூ பிராசஸ் விசாரணை. அதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காலக்கெடு, நீதிமன்றம் போலவே நடக்கும், வக்கீல் இல்லாமல் இறங்குவது கடினம். அந்த விசாரணை முடியும் வரை பிள்ளையின் பழைய ஐஇபியும் இடமும் அப்படியே தொடர வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் மாநிலத்தின் பெற்றோர் பயிற்சி, தகவல் மையத்தைக் கூப்பிடுங்கள். ஃபெடரல் நிதியில் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் இதே நிலையில் இருந்த பெற்றோர்கள்.

அடிக்கடி போன் செய்து "இன்று ஒரு மாதிரி இருக்கிறான், அழைத்துப் போங்கள்" என்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், சொன்ன காரணத்தை எழுதி வையுங்கள். இப்படிச் சொல்லாமல் சொல்லி வீட்டுக்கு அனுப்புவதும் பள்ளியிலிருந்து நீக்கும் கணக்கில் வரலாம் என்று ஃபெடரல் கல்வித் துறை 2022ல் தெளிவாக்கியிருக்கிறது. தொடர்ந்து 10 பள்ளி நாட்களுக்கு மேல் நீக்கினாலோ, விட்டுவிட்டு நடந்தது சேர்ந்து அப்படி ஒரு போக்காகத் தெரிந்தாலோ, அந்த நடத்தை அவன் குறைபாட்டால் வந்ததா என்று ஆராயும் கூட்டம் நடத்த வேண்டும். அதற்கு முன்பே, ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று கண்டறியும் நடத்தை மதிப்பீட்டை நீங்களே கேட்கலாம். பிள்ளையின் நடத்தை அவன் நமக்குச் சொல்ல முயலும் செய்தி. அதைத் தண்டனைக் குறிப்பாக மட்டும் பதிவாக விடாதீர்கள்.

கோடை விடுமுறையில் சேவை உண்டா?

தானாக இல்லை. நீண்ட விடுமுறையில் கற்றதை இழந்து, மீட்க ரொம்ப நாள் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கலாம். குளிர்கால விடுமுறைக்கு முன்னும் பின்னும் அவன் எப்படி இருந்தான் என்ற பதிவைக் கேட்டு வாங்கினால், அதுவே ஆதாரம்.

மாநிலம் மாறுகிறோம். அல்லது இந்தியாவிலிருந்து இப்போதுதான் வருகிறோம்.

அமெரிக்காவுக்குள் மாறினால், நடைமுறையில் உள்ள ஐஇபிக்கு ஒப்பான சேவையைப் புதுப் பள்ளி உடனே தொடங்க வேண்டும். வேறு மாநிலமென்றால் அவர்கள் தேவைப்பட்டால் புதிதாக மதிப்பிட்டுப் புது ஐஇபி எழுதுவார்கள். பழைய பள்ளி ஃபைல் அனுப்பும் வரை காத்திருக்காதீர்கள். ஐஇபி நகலையும் கடைசி மதிப்பீட்டையும் கையிலேயே கொண்டுபோங்கள்.

இந்தியாவில் வாங்கிய அறிக்கைகளும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இங்கே ஐஇபி ஆகாது. ஆனால் அவற்றைக் கொடுங்கள், மதிப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டும். சேர்க்கைப் படிவம் கொடுக்கும் அன்றே மதிப்பீட்டுக் கோரிக்கையையும் கொடுத்துவிடுங்கள்.

தனியார் பள்ளியில் சேர்த்தால்?

நீங்களாக விரும்பித் தனியார் பள்ளியில் சேர்த்தால், அதே அளவு சேவைக்கான தனிப்பட்ட உரிமை இருக்காது. மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கும். கட்டணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

16, 18 வயதில் என்ன மாறும்?

16 வயதுக்குள், சில மாநிலங்களில் 14லேயே, பள்ளிக்குப் பின்னான வாழ்க்கைக்கான திட்டம் ஐஇபியில் வர வேண்டும்: மேற்படிப்பு, வேலை, தேவையானால் தனியாக வாழும் திறன். பிள்ளையையே கூட்டத்துக்கு அழைத்து அவன் விருப்பத்தைக் கேட்க வேண்டும். பேச்சு வராத பிள்ளையிடமும் படங்களைக் காட்டிக் கேட்க வழிகள் உண்டு. அவனுக்குப் பதிலாக நாம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் பழக்கத்தை இந்த வயதில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதானதும் ஐஇபி உரிமைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடும். குறைந்தது ஓராண்டு முன்பே அதைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவனால் தனியாக முடிவெடுப்பது கடினமென்றால் சட்டப்படி காப்பாளராவது மட்டுமே வழியல்ல. அதிகாரப் பத்திரம், துணையோடு முடிவெடுக்கும் ஏற்பாடு என்று உரிமையைப் பறிக்காத வழிகளும் பல மாநிலங்களில் உண்டு. 17லேயே விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. வழக்கமான டிப்ளமா வாங்கிவிட்டால், வயது மீதம் இருந்தாலும் ஐஇபி உரிமை அன்றோடு முடிகிறது. 18 வயதில் பட்டமளிப்பு விழாவில் நண்பர்களோடு நடக்கட்டும், ஆனால் வேலைப் பயிற்சி இன்னும் தேவை என்று நினைத்தால், டிப்ளமாவைக் கையில் வாங்காமல் விழாவில் மட்டும் கலந்துகொள்ள முடியுமா என்று பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும்போதே ஐஇபி கூட்டத்தில் கேட்டு, பதிலை ஐஇபியிலேயே எழுதச் சொல்லுங்கள். பள்ளியை முடிக்கும்போது அவன் திறன்களையும் தேவைகளையும் தொகுத்து ஒரு சுருக்க அறிக்கை தர வேண்டியதும் பள்ளியின் கடமை. கல்லூரியின் மாற்றுத்திறனாளி அலுவலகமும் வேலைவாய்ப்பு மறுவாழ்வுத் துறையும் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.